பயிரிடுபவருக்குப் போய்ச் சேராத பயிர்க்கடன்

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டி முடிக்கிற விவசாயிக்கு வட்டியே கிடையாது. அந்த வட்டியை ஒன்றிய அரசும் மாநில அரசும் சுமக்கின்றன. வங்கியில் கிசான் கடன் அட்டை மூலம் வாங்கினால் ரூ.3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டுபவருக்கு அதிலும் 3 சதவீதம் குறையும், ஆக 4 சதவீதம்தான். இதே ஊர்களில், இதே பருவத்தில், பக்கத்து வயலில் நாற்று விடுகிற குத்தகை விவசாயி மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். ரூ.40,000 வாங்கி ஆறு மாதம் கழித்து அறுவடையில் அடைத்தால் வட்டி மட்டும் ரூ.7,200. இன்றைய கொள்முதல் விலையில் அது ஏறக்குறைய மூன்று குவிண்டால் நெல். ஒருவருக்கு வட்டியே இல்லை, இன்னொருவருக்கு மூன்று குவிண்டால் நெல் வட்டி. இருவரும் செய்வது ஒரே வேலை. நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு. அரசு தரும் கடன் உதவி பட்டாவைப் பார்த்துப் போவதை நிறுத்தி, பயிரைப் பார்த்துப் போக வேண்டும் என்பதே என் வாதம். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ முதல் தேவை அல்ல. ஏற்கெனவே உள்ள விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவரும் துணிவு போதும்.

விவசாயக் கடனின் அளவு போதவில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. 2004இல் மன்மோகன் சிங் அரசு மூன்றே ஆண்டுகளில் விவசாயக் கடனை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் குறைவாகவே கடன் வழங்கப்பட்டது. 2023-24இல் அது ரூ.25 லட்சம் கோடியைத் தாண்டியது. கிசான் கடன் அட்டைக் கணக்குகளில் மட்டும் 2024 டிசம்பரில் சுமார் 7.7 கோடி பேருக்கு ரூ.10 லட்சம் கோடி நிலுவையில் இருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய பாய்ச்சல். ஆனால் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2018-19 விவசாய ஆண்டுக்காக எடுத்த கணக்கைப் பாருங்கள். நாட்டின் விவசாயக் குடும்பங்களில் பாதி கடனில் இருந்தது. தமிழ்நாட்டில் இது 65 சதவீதம், குடும்பத்துக்குச் சராசரிக் கடன் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். நாடு முழுவதிலும் நிலுவையில் இருந்த கடனில் ஐந்தில் ஒரு பங்கு தொழில்முறை வட்டிக்காரர்களிடம் வாங்கியது. வங்கி, கூட்டுறவு, சுய உதவிக் குழு எல்லாம் இருந்தும் இந்த ஐந்தில் ஒரு பங்கு கரையவில்லை. அது யார் தலையில் விழுகிறது என்பதற்கு அதே அமைப்பின் 2013ஆம் ஆண்டு ஆய்வில் விடை இருக்கிறது. கைவசம் ஏறக்குறைய நிலமே இல்லாத, 0.01 எக்டேருக்கும் குறைவான குடும்பங்களின் கடனில் 15 சதவீதம்தான் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களிடமிருந்து வந்தது. பத்து எக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு அது 79 சதவீதம். நிலம் கூடக் கூட அரசின் மலிவான கடன் கூடுகிறது, குறையக் குறைய வட்டிக்கடை நெருங்கி வருகிறது.

ரிசர்வ் வங்கி 2019இல் தன் துணை ஆளுநர் எம்.கே. ஜெயின் தலைமையில் விவசாயக் கடனை ஆராய ஓர் உள் பணிக்குழு அமைத்தது. அந்த அறிக்கையில் தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு செய்தி நம்மைச் சங்கடப்படுத்த வேண்டும். விதை, உரம், பூச்சிமருந்து போன்ற இடுபொருள்களுக்கு விவசாயிகளுக்கு எவ்வளவு பணம் தேவையோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இங்கே பயிர்க்கடன் போயிருக்கிறது. கேரளம், ஆந்திரம், பஞ்சாப், தெலங்கானாவிலும் இதே நிலைதான். அதே அறிக்கை, சிறு குறு விவசாயிகளில் சுமார் 41 சதவீதம் பேரைத்தான் வணிக வங்கிகள் எட்டியிருக்கின்றன என்றும் சொன்னது. தேவைக்கு இரண்டு மடங்கு கடன் ஒருபுறம், வணிக வங்கிகள் எட்டாத பெரும்பான்மை மறுபுறம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பயிர்க்கடன் என்ற பெயரில் போகும் பணத்தில் கணிசமான பகுதி பயிருக்குப் போகவில்லை என்றுதான் பொருள். 4 சதவீதத்துக்குக் கிடைக்கும் பணத்தை வேறு தேவைக்குத் திருப்பிவிடும் வாய்ப்பு, நிலமும் நகையும் உள்ளவருக்குத்தான் உண்டு. நகையை வைத்து விவசாயக் கடன் என்று எழுதி வாங்கிய தொகைக்கெல்லாம் வட்டி மானியம் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுதான், கிசான் கடன் அட்டை இல்லாத நகைக்கடனுக்கு அந்த மானியம் 2019 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் நகையை அடகு வைத்துத்தான் நடவுக்கு வழி தேடிய குத்தகை விவசாயிக்கு, இருந்த ஒரே மலிவான வாசலும் அத்துடன் அடைபட்டது. அவருக்கு மாற்று வாசல் எதையும் யாரும் திறந்து வைக்கவில்லை.

இந்த விலக்கு எங்கே நடக்கிறது என்று அறியக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் மனுவைப் பார்த்தாலே போதும். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சிட்டாவில் நில உடைமையாளர் பெயர் இருக்கும். அடங்கல் என்பது கிராமக் கணக்கில் இரண்டாம் எண். இந்தப் பசலியில் இந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதை அது காட்டும். பயிர் நிற்பதை நிரூபிக்க அடங்கலே போதும், நிலம் யாருடையது என்று சொல்லத்தான் சிட்டா. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் கடன் நகரும். குத்தகைக்காரரின் பெயர் சிட்டாவில் இருக்காது. நில உரிமையாளர் ஒரு கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்பார்கள். காவிரிப் படுகையில் பெரும்பாலான குத்தகை வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடிக்கிறார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தில் உரிமையாளர் கையெழுத்துப் போட மறுக்கிறார். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் என்றால் கேட்கவே ஆளில்லை. அதோடு மனு முடிந்துவிடுகிறது. சில இடங்களில் இன்னும் மோசமான ஏற்பாடு உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட உரிமையாளரே தன் சிட்டாவைக் காட்டி வட்டியில்லாக் கடனை வாங்கிக்கொள்கிறார். பயிர் வைத்தவர் உரக்கடையில் கடன் சொல்லி நிற்கிறார்.

உரக்கடைக் கடனின் உண்மையான விலை வட்டி விகிதத்தில் தெரியாது. சம்பாவுக்கு நடவு முடிந்து முதல் மேலுரம் இடுவதற்குச் சில நாட்களே அவகாசம். அந்த நாட்களைத் தாண்டி யூரியா போட்டால் தூர் கட்டாது. கூட்டுறவுக் கடனில் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் தருவதற்கே காரணம், உரம் வேளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான். சங்கத்தில் இடமில்லாதவர் கடைக்காரர் சொல்லும் விலைக்கு, அவர் கொடுக்கும் மருந்தை, அவர் எழுதும் கணக்கில் வாங்குகிறார். பல ஊர்களில் கடைக்காரரே நெல் வியாபாரியும்கூட. அறுவடையானதும் களத்திலேயே நெல்லை அவருக்குத்தான் போட வேண்டும். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் அரை மைலில் இருந்தாலும் அங்கே கொண்டுபோய் நல்ல விலை வாங்கும் உரிமையைக் குத்தகை விவசாயி நடவின்போதே இழந்துவிட்டார். ஆகவே கடன் மறுக்கப்படுவது வட்டிச் சுமையோடு நிற்பதில்லை, அரசு அறிவிக்கும் கொள்முதல் விலையையும் சேர்த்தே பறிக்கிறது. ஓர் உதவித் திட்டத்திலிருந்து தள்ளப்பட்டவர் அடுத்தடுத்த திட்டங்களிலிருந்தும் தானாகத் தள்ளப்படுகிறார். பிரதமரின் கிசான் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.6,000 என்பதும் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்குத்தான். கிடைத்தாலும் ஓர் ஏக்கர் உழவுக்கும் நடவுக்கும் போதாத தொகை என்பது வேறு விஷயம்.

கூட்டுறவுக் கடன் தொடங்கியது நிலத்தைப் பார்த்துத் தரும் எண்ணத்தில் அல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1890களில் சென்னை மாகாணத்துக்காக ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அவரை ஈர்த்தது ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்கள். ஊரார் ஒருவரை ஒருவர் அறிவார்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்பார்கள், அந்த அறிமுகமே அடமானம் என்பது அந்தச் சங்கங்களின் அடிப்படை. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் சங்கம் தொடங்கியது. ஐம்பது ஆண்டு கழித்து, ஏ.டி. கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு, விவசாயிகளின் கடனில் கூட்டுறவின் பங்கு 3 சதவீதம் என்றும் வட்டிக்காரர்களின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம் என்றும் கண்டது. அந்தக் குழு முன்வைத்த தீர்வுகளுள் முக்கியமானது, நிலத்தின் மதிப்பைப் பார்த்துக் கடன் தராமல், வைக்கப்போகும் பயிரின் செலவைப் பார்த்துக் கடன் தருவது, விளைச்சல் வந்ததும் அதிலிருந்து திருப்பி வாங்குவது. இன்றும் மாவட்டந்தோறும் ஒரு தொழில்நுட்பக் குழு கூடி எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று நிர்ணயிக்கிறதே, அதன் வேர் இந்தச் சிந்தனையில்தான். எவ்வளவு கடன் என்பதைப் பயிரை வைத்து முடிவு செய்துவிட்டு, யாருக்குக் கடன் என்பதை மட்டும் நிலத்தை வைத்து முடிவு செய்வது நாமே பாதியில் உண்டாக்கிக்கொண்ட முரண்பாடு.

விதிப் புத்தகத்தில் இந்த முரண்பாடு இல்லை என்பதுதான் வேதனை. 1998-99இல் தொடங்கிய கிசான் கடன் அட்டைத் திட்டத்தின் தகுதிப் பட்டியலில் குத்தகை விவசாயிகள், வாய்மொழிக் குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிரிடுபவர்கள் எல்லோரும் உண்டு. வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்கும், 10 சதவீதத்தைச் சிறு குறு விவசாயிகளுக்கும் தர வேண்டும் என்ற முன்னுரிமைத் துறை விதியிலும் குத்தகைதாரருக்கு இடமுண்டு. 2025 ஜனவரி முதல் ரூ.2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இரண்டு மூன்று ஏக்கர் நெல் வைக்கும் குத்தகைக்காரருக்கு வேண்டிய தொகை அந்த வரம்புக்குள்தான் வரும். ஆகவே இந்தக் கடன்களுக்கு நிலம் சட்டப்படி அடமானமே இல்லை. நிலம் உள்ளவர் கட்டாமல் போனாலும் அந்த நிலத்தை ஏலம் விட்டுப் பணம் எடுக்கும் நோக்கம் இந்தத் திட்டத்தில் கிடையாது. அப்படியிருக்க, சிட்டா கடனுக்குப் பாதுகாப்பு எதையும் தருவதில்லை, இவர் விவசாயி என்று காட்டும் அடையாளச் சீட்டாகத்தான் பயன்படுகிறது. அந்த அடையாளத்தை வேறு வழியில் தர முடியும் என்றால் சிட்டாவைக் கேட்க வங்கிக்கு நியாயமான காரணம் எதுவும் மிஞ்சாது.

முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் கொள்முதல் நிலையத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குத்தகை விவசாயி தன் நெல்லைப் போட, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி வருகிறார். பயிர்க் காப்பீட்டுக்கும் அவர் அடங்கல் காட்டிப் பிரீமியம் கட்டலாம். நெல்லை வாங்கும்போது, காப்பீட்டுப் பணம் கட்டும்போது இவர்தான் பயிரிட்டவர் என்று நம்புகிற அரசு, கடன் கொடுக்கும்போது மட்டும் நம்ப மறுப்பதை எப்படி விளக்குவது? பொய்ச் சான்று கொடுப்பார்கள், கிராம அலுவலர் கைநீட்டுவார் என்ற ஆட்சேபம் உண்மையானதுதான். சான்றுக்குப் பணம் கேட்பது நடக்கிற ஒன்று. கொள்முதலில் வியாபாரிகள் விவசாயி பெயரில் நெல் போடுவதும் நடக்கிறது. ஆனால் பட்டா அடிப்படையிலான முறை இதைவிடத் தூய்மையாக இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? ஒரு புல எண், ஒரு பருவம், ஒரே பயிர்க்கடன் என்று கணினியில் கட்டிவிட்டால் ஒரே வயலுக்கு இருவர் வாங்குவது நிற்கும். சான்றில் இருக்கும் பெயர்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால், யார் எந்த வயலில் பயிர் வைத்திருக்கிறார் என்பதை ஊரே சரிபார்த்துவிடும். கிராமத்தில் மறைக்க முடியாத உண்மைகளில் இதுவும் ஒன்று. நில உரிமையாளர்களில் சிலர் இப்போது வாங்கிவரும் வட்டியில்லாக் கடனை இதனால் இழப்பார்கள். அவர்கள் அதை விரும்ப மாட்டார்கள், கூட்டுறவுச் சங்க நிர்வாகங்களில் செல்வாக்கும் அவர்களுக்குத்தான் அதிகம். இந்தச் சீர்திருத்தம் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போனதற்கு நிர்வாகச் சிக்கலைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

உரிமையாளரின் அச்சத்தை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டமும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969இல் வந்த சட்டமும் குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தன. வாரத்துக்கு உழுதவர்களுக்கு அவை பெற்றுத் தந்த பாதுகாப்பு சிறிதல்ல, அதற்குப் பின்னால் கீழத்தஞ்சைப் போராட்டங்களின் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவாக, எழுத்தில் எதையும் தராமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றும் பழக்கமும் வளர்ந்தது. ஆகவே கடனுக்கான சாகுபடிச் சான்று ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும் என்றும், அதை எந்த நீதிமன்றத்திலும் குத்தகை உரிமைக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்றும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். இது குத்தகைக்காரரின் உரிமையைக் குறைத்துவிடாதா என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். ஏற்கெனவே பதிவு பெற்ற குத்தகைதாரரின் உரிமையை இது தொடாது, தொடவும் கூடாது. பதிவே இல்லாமல் இருப்பவருக்கு இன்று கையில் எந்த உரிமையும் இல்லை, கடனும் இல்லை. உரிமைக்கான போராட்டம் முடியும்வரை மூன்று வட்டியைக் கட்டிக்கொண்டிரு என்று அவரிடம் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆந்திரப் பிரதேசத்தின் அனுபவம் இதில் கவனமாகப் படிக்க வேண்டியது. 2011இல் அங்கே உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்து, குத்தகை விவசாயிகளுக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தார்கள். 2019இல் அதை நீக்கிவிட்டு, பதினொரு மாத உரிமை அட்டை தரும் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் நில உரிமையாளரின் கையெழுத்து கட்டாயமாயிற்று. இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. முதல் சட்டத்தில் அட்டை கிடைத்தது, ஆனால் அந்த நிலத்தின் மேல் உரிமையாளர் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்ததால் வங்கி கைவிரித்தது. இரண்டாவதில் கையெழுத்துக் கிடைக்காமல் பலருக்கு அட்டையே கிடைக்கவில்லை. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உரிமையாளர் சம்மதம் என்ற நிபந்தனை வைத்தால் திட்டம் வாசலிலேயே செத்துவிடும். அட்டை கொடுத்துவிட்டு, வங்கி கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் உத்தரவாதத்தையும் சேர்க்காவிட்டால் அது வெறும் காகிதம். ஒடிசா இரண்டாவது பாடத்தை உணர்ந்து வேறு வழியில் சென்றது. 2020இல் நபார்டு வங்கியோடு சேர்ந்து, நிலமற்ற சாகுபடியாளர்களைச் சிறு குழுக்களாகத் திரட்டி, குழுவின் கூட்டுப் பொறுப்பில் கடன் தரும் பலராம் திட்டத்தை அறிவித்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் இதே முறையில் தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, வங்கிக் கடன் பெற்று, நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். நிக்கல்சன் நம்பிய அந்த ஊர் அறிமுகம் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு இவை சான்று.

கடன் திரும்பி வராது என்பது வங்கியாளர்கள் எழுப்பும் அடுத்த கவலை. நிலம் இல்லாதவர் இன்றைக்கு இங்கே, நாளைக்குத் திருப்பூரில் என்பார்கள். இந்தக் கவலைக்குச் சான்று மிகக் குறைவு. அடமானம் எதுவும் இல்லாத சுய உதவிக் குழுப் பெண்களின் கடன் நாட்டின் மிகச் சிறந்த திருப்பிச் செலுத்தும் வரலாறுகளில் ஒன்றை வைத்திருக்கிறது. குத்தகை விவசாயியும் வட்டிக்காரருக்கு 36 சதவீதம் கட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த போகத்துக்கு வருகிறார். ஆனால் வெள்ளமோ வறட்சியோ வந்து பயிர் அழிந்தால் அவரிடம் விற்க நிலம் இல்லை என்பது உண்மை. அந்த ஆபத்தை வங்கியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. சிறு தொழில்களுக்கு அடமானமில்லாக் கடன் தர 2000ஆம் ஆண்டிலிருந்து ஓர் உத்தரவாத நிதி அறக்கட்டளை இயங்குகிறது. பட்டறை வைப்பவருக்கு அரசு தரும் உத்தரவாதத்தை வயலில் இறங்குபவருக்கும் தர வேண்டும். காப்பீட்டையும் கடனையும் ஒரே சாகுபடிச் சான்றில் இணைத்தால் அந்த நிதியின் சுமை பெரிதும் குறையும். ஏனெனில் பயிர் அழிந்த ஆண்டில் இழப்பீடு பயிர் வைத்தவரின் கணக்குக்கே வரும், அதிலிருந்து கடனும் அடையும். இப்போது பல இடங்களில் இழப்பீடு ஒருவருக்கும் இழப்பு இன்னொருவருக்கும் போய்ச் சேர்கிறது.

கடன் தள்ளுபடியைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 2006இல் மு. கருணாநிதி அரசு கூட்டுறவுக் கடன் சுமார் ரூ.6,866 கோடியையும், 2016இல் ஜெயலலிதா அரசு சிறு குறு விவசாயிகளின் ரூ.5,780 கோடியையும், 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு 16.43 லட்சம் பேரின் ரூ.12,110 கோடியையும் தள்ளுபடி செய்தன. தள்ளுபடியே கூடாது, அது கடன் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்லும் பொருளாதார நிபுணர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெருநிறுவனங்களின் வாராக்கடனை வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கும்போது இந்தக் குரல் இவ்வளவு உயர்ந்து கேட்பதில்லை. தொடர் வறட்சிக்கும் புயலுக்கும் பிறகு விவசாயி மூச்சுவிட அவகாசம் தருவது அரசின் கடமை. என் கேள்வி வேறு. தள்ளுபடி யாருக்கு? சங்கத்தில் யார் பெயரில் கடன் இருக்கிறதோ அவருக்கு. வட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு இந்தத் தள்ளுபடிகள் எதிலும் பங்கில்லை. அதாவது மலிவான கடனிலிருந்து தள்ளப்பட்டவர் தள்ளுபடியிலிருந்தும் இரண்டாம் முறை தள்ளப்படுகிறார். 2008ஆம் ஆண்டின் தேசியத் தள்ளுபடியை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சோதித்த கணக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் குறைபாடு கண்டார். தகுதியிருந்தும் விடுபட்டவர்களும் தகுதியில்லாமல் பெற்றவர்களும் அதில் உண்டு. கடன் ஏட்டில் பெயரே ஏறாதவர்களை அந்தத் தணிக்கையும் கணக்கில் எடுத்திருக்க வழியில்லை.

இப்போது இதைப் பேச ஓர் அவசரக் காரணமும் இருக்கிறது. விவசாயிகளுக்கெல்லாம் தனி அடையாள எண் தரும் பணி நாடு முழுவதும் நடக்கிறது, தமிழ்நாட்டிலும் 2025இல் முகாம்கள் போட்டுப் பதிவு செய்தார்கள். கடன், காப்பீடு, மானியம், கொள்முதல் எல்லாம் இனி இந்த எண்ணில் இணையப்போகின்றன. இந்தப் பதிவேட்டின் அடித்தளம் நில ஆவணம். பட்டாவில் பெயர் இல்லாதவருக்கு அதில் இடம் வைக்காவிட்டால், இதுவரை மேசைக்கு மேசை மாறிக்கொண்டிருந்த விலக்கு கணினியில் நிலையாகப் பதிந்துவிடும். கிராம அலுவலரிடம் மன்றாடிச் சான்று வாங்கிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சிறு வழிகூட அடைபடும். குத்தகைக்காரர் மட்டும் இதில் பாதிக்கப்படவில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலக் கைப்பற்றுகளில் சுமார் 14 சதவீதம்தான் பெண்கள் பெயரில். கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட, நாற்றங்காலிலிருந்து களத்துமேடு வரை தனியாகப் பார்க்கிற பெண்ணுக்கும் சிட்டா இல்லை. மாமனார் பெயரிலோ, இறந்துபோன அவருடைய தந்தை பெயரிலோ பட்டா கிடக்கும். அந்தப் பெண்ணும் சங்கத்துக் கணக்கில் விவசாயி ஆக மாட்டார்.

எல்லா நிலத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோயில் நிலத்தில் தொடங்கலாம். இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் உள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அதன் அடர்த்தி மிக அதிகம். அங்கே நிலம் போய்விடும் என்று பயப்படத் தனி உரிமையாளர் யாருமில்லை, நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வது அரசுத் துறை. குத்தகை ரசீது இருக்கிறது, குத்தகைப் பதிவேடு இருக்கிறது. ரசீதில் தாத்தா பெயர் இருக்கும், வயலில் பேரனோ உள்குத்தகைக்காரரோ நிற்பார் என்ற சிக்கலும் உண்டு. அதைப் பருவச் சான்று ஒன்றே தீர்க்கும், ஏனெனில் அது நிற்பவரைத்தான் எழுதும். செயல் அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, குறுவைக்கு மே மாதத்துக்குள்ளும் சம்பாவுக்கு ஜூலைக்குள்ளும் சங்கத்திடம் கொடுத்துவிட்டால், மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வரும்போது கடனும் கையில் இருக்கும். அரசு தன் பொறுப்பில் உள்ள நிலத்திலேயே இதைச் செய்து காட்டாமல் தனியார் உரிமையாளர்களிடம் எதைக் கேட்பது? அதோடு ஒரு சிறிய வேலையும் உண்டு. கூட்டுறவுத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் பயிர்க்கடன் கணக்கை முன்வைக்கும்போது, அதில் எத்தனை பேர் தங்கள் பெயரில் நிலம் இல்லாத சாகுபடியாளர்கள், அவர்களுக்கு எத்தனை கோடி என்பதை மாவட்டவாரியாகத் தனியே சொல்ல வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்திலேயே அந்தப் பட்டியலைக் கேட்க எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் தடையில்லை.